கடைசிவரை தள்ளிப் பார்த்தவன்

மழை பிடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரே வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது போன் ரிப்பேர்காரன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திட்டினால் அது அவனுக்கே அடுக்காது. ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் என்று பேருந்துக்கு ஓடுகிற ஜனங்கள் இருக்கிறவரை அவன் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகிற சந்தில், சாவி வெட்டுகிறவருக்கும் டீக்கடைக்கும் நடுவே செருகி வைத்த கடை அது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நனைய வேண்டியதுதான்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது விரல் நுனியெல்லாம் பசை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சமையலறைதான் சாப்பாட்டு அறையும். மேஜையின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். மனைவி சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, முட்டையை ஓரமாக வைத்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நர்சுகளின் சட்டை எல்லாவற்றையும் பிரித்து, மெஷினில் போட்டு, உலர்த்தி, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நீராவிக்குள் நின்று நின்று அவள் கைகள் எப்போதும் வெளுத்துப் போயிருக்கும். வேலை முடிந்து வரும்போது பேசக்கூடத் தெம்பு இருக்காது. அன்றைக்கு மட்டும் முகத்தில் அசதியே இல்லை.

"ஏங்க, நான் ஒண்ணு கவனிச்சேன். மழை பெஞ்சா ஜனங்க நெறையப் படிக்கிறாங்க."

"எதை?"

"எதையா? நல்லாக் கேட்டீங்க. என் பிளாகைத்தான்."

இரண்டு வருஷமாக அவள் ஒரு வலைப்பூ எழுதுகிறாள். 'ஈரம் காய்வதற்குள்' என்று பேர் வைத்திருக்கிறாள். சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இதே மேஜையில் உட்காருவாள். புருஷன் ரிப்பேர் பார்த்துக் கொடுத்த பழைய போனில், கட்டைவிரல்களால் தட்டித் தட்டி, சலவைக்கூடத்துச் சங்கதிகளையும் வீட்டுச் சங்கதிகளையும் எழுதுவாள். முதல் வருஷம் முழுக்க அதைப் படித்த ஒரே ஜீவன் அவளுடைய நாத்தனார். அதுவும் எதிரில் உட்கார வைத்துப் படிக்க வைத்தால்தான்.

"போன மாசம்லாம் ஒரு நாளைக்குப் பத்து பதினஞ்சு பேரு. இந்த வாரம் நாப்பதைத் தாண்டுது. வெளிய போக முடியாம வீட்டுல உக்காந்து படிக்கிறாங்க போல."

"இருக்கும் அண்ணி," என்றாள் நாத்தனார். அவள் ரிப்பேர்காரனின் தங்கை. அடுத்த அறையில் குடியிருக்கிறாள், சாப்பாடு மட்டும் இங்கேதான். பெண்களுக்கு முடி வெட்டும் பார்லரில் வேலை. வாய் கத்தரிக்கோலைவிட வேகமாகப் போகும். "ஒரு வாரமா எங்க பார்லர் பக்கம் ஈ காக்கா வரல. எங்கடா போச்சுதுங்கன்னு பாத்தேன். எல்லாம் உங்க பிளாகுலதான் ஒதுங்கியிருக்குதுங்க."

"கிண்டல் பண்ணாத. இன்னொண்ணு கேளு. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒருத்தர்கூட வர்றதில்ல. அன்னிக்குக் குடும்பத்தோட இருப்பாங்க இல்ல? நல்ல ஜனங்கதான் நம்மளைப் படிக்கிறாங்கன்னு எனக்கு அதுல ஒரு நிம்மதி."

ரிப்பேர்காரனுக்கு முட்டை தொண்டையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்கு விடுமுறை.

விஷயம் இதுதான். ஒரு போனுக்குப் புதுக் கண்ணாடி மாற்றினால் அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தால்தான் திரையில் கோடு விழுகிறதா, புள்ளி செத்திருக்கிறதா என்று தெரியும். விரலால் மேலிருந்து கீழே கடைசிவரை தள்ளிப் பார்த்தால்தான் எந்த இடத்தில் தொடுதல் மக்கர் பண்ணுகிறது என்று பிடிபடும். முன்பெல்லாம் அவன் செய்திப் பக்கம் எதையாவது திறப்பான். அதில் விளம்பரம் குதிக்கும், திறந்ததும் யாராவது கத்துவார்கள், சிக்னல் இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். மனைவியின் பக்கமோ சாதுவானது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, சந்துக்குள் வருகிற இத்துனூண்டு சிக்னலிலேயே திறந்துகொள்ளும். நீளமாகவும் இருக்கும். கோடைக்கு முன்னால் என்றைக்கோ ஒருநாள் கைக்கு வந்ததைத் திறந்தவன் அதையே பழக்கமாக்கிக்கொண்டான். கடைக்கு வருகிற ஒவ்வொரு போனும் அவள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வெளியே போயிற்று.

நாப்பது பேர் நாப்பது போன். அந்த நாப்பதையும் தள்ளியது ஒரே விரல்.

"அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன்," என்றாள் மனைவி. "சாயங்கால ஷிப்டுக்கு மேற்பார்வைக்கு என்னைக் கேட்டாங்க இல்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்? மூட்டை தூக்குற வேலை மிச்சம்னு நீதானே சொன்ன?"

"மிச்சம்தான். ஆனா மத்தியானம் போனா ராத்திரிதான் வீடு. அப்புறம் எங்க எழுதறது? யாரும் படிக்கலன்னா பேசாம ஒத்துக்கலாம். இத்தன பேர் வந்து பாக்கிறப்போ கதவைச் சாத்திட்டுப் போறது நல்லாவா இருக்கு?"

ரிப்பேர்காரன் தண்ணீர் குடித்தான். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்தபிறகு அவனுக்கு நாக்கு எழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

தங்கைக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவன் குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தாள்.

"என்னண்ணா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரிப்பை அடக்கத்தான். கடைசியில் சிரிப்பு இல்லை.

"அப்போ அந்த நல்ல ஜனங்க மொத்தமும் நீதானா?"

"மெதுவாப் பேசு."

"அண்ணி அதை நம்பி வேலையை வேண்டாம்னு சொல்லப் போறாங்க. இப்பவே போய்ச் சொல்லு."

"சொன்னா எழுதறதையே விட்டுருவா."

"சொல்லலன்னா? நாளைக்கு வேற யாரோ சொல்லி, வேலையும் போய், அப்புறம் அவங்க எழுந்து உக்கார முடியுமா? உனக்கு என்ன, நீ போனைக் கழட்டி மாட்டிருவ. அண்ணியைக் கழட்டி மாட்ட முடியாது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கில்ல. ஏதாவது பண்றேன்."

அவன் செய்த முதல் காரியம், மறுநாள் காலையிலிருந்து வேறு பக்கத்தில் சோதிக்க ஆரம்பித்தது. நேர்மையாக இருக்கலாம் என்ற நினைப்பு. அன்று சாயங்காலம் மனைவி சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே ரெண்டு பேர்," என்றாள். "நான் ஏதோ தப்பா எழுதிட்டேன் போல. யார் மனசையாவது நோகடிச்சிட்டேனோ என்னவோ."

பழைய கட்டுரைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு எந்த வரி குற்றம் என்று தேட ஆரம்பித்தாள். அவனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்ததும் திறக்காததுமாக முதல் போனிலேயே 'ஈரம் காய்வதற்குள்' திறந்தது. முன்பு தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்தே செய்தான். அதுதான் அவனைக் குடைந்தது.

சரி, நிஜமான ஆட்களையே பிடித்துவிடுவோம் என்று இறங்கினான். போனை வாங்க வந்த லாரி டிரைவரிடம், "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க சார், நல்லா இருக்கும்," என்றான்.

"என்ன விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கல. சும்மா படிக்கிறதுக்கு."

"சும்மா யாரும் எதையும் குடுக்க மாட்டாங்க தம்பி. எனக்கு வயசு ஐம்பத்தி ரெண்டு," என்றார் டிரைவர். போகிறபோது அந்தப் பக்கத்தை மூடச் சொல்லி, மூடியதை இருமுறை சரிபார்த்துக்கொண்டு போனார்.

ஒரு கல்லூரிப் பெண் இரண்டு வரி பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணா. வீடியோவாப் போடச் சொல்லுங்க," என்றாள். பக்கத்துக்கடைச் சாவிக்காரர், வருஷக்கணக்கான பழக்கத்துக்காக, முழுசாகப் படிப்பதாக ஏற்றுக்கொண்டார். சாயங்காலம் கேட்டபோது, "என்ன எழுத்துப்பா, அருமை, அருமை," என்றார். எது பிடித்தது என்று கேட்டதற்கு, "எல்லாமே," என்றார். அவருடைய போன் காலையிலிருந்து சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்ததை ரிப்பேர்காரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்லரில் தங்கையும் தன் பங்குக்கு முயன்றாள். தலைக்குச் சாயம் போட்டுவிட்டு எழுந்து ஓட முடியாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஒருத்தி தூங்கிவிட்டாள். இன்னொருத்தி, உங்கள் அண்ணியின் கைக்கு எந்தக் களிம்பு நல்லது என்று சொல்ல ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினாளாம்.

"அவ கேட்டிருக்கா பாரு," என்றான் ரிப்பேர்காரன் ஆசையாக.

"கையை மட்டும் கேட்டா. அண்ணா, போதும். இன்னிக்குச் சொல்லிடு. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

அன்றைக்குச் சொல்லிவிட்டான். மனைவி மேஜையில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்த நேரம் அது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாற்றுவதில் ஆரம்பித்து, செத்த புள்ளி, செய்திப் பக்கம், சிக்னல் என்று சுற்றி வளைத்து அவன் விஷயத்துக்கு வந்து சேருவதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

"அப்போ அந்த நாப்பதும் உங்க கடை."

"ஆமா."

"மழை பெஞ்சா நெறைய வந்தது..."

"மழையில போன் நெறைய விழும்."

அவள் மேஜை விளிம்பைத் தடவினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான். போட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி, நீங்க படிச்சீங்களா?"

"என்ன?"

"இத்தன மாசமா ஒரு நாளைக்குப் பத்து தடவை, நாப்பது தடவைன்னு திறந்திருக்கீங்க. கடைசிவரைக்கும் தள்ளியிருக்கீங்க. ஒரு தடவை, ஒரு வரி, என்ன எழுதியிருக்கேன்னு பாத்தீங்களா?"

அவனுக்கு எழுத்து என்றால் திரையில் கோணாமல் விழ வேண்டிய ஒன்று. அவ்வளவுதான். ஓரத்தில் மங்குகிறதா என்று பார்ப்பான், நடுவில் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பான். என்ன சொல்கிறது என்று பார்க்கத் தோன்றியதே இல்லை. பொய் சொல்லலாம்தான். சாவிக்காரர் மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"இல்ல," என்றான்.

"யாரோ படிக்கலன்னா பரவாயில்லைங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "வெள்ளிக்கிழமை சரின்னு சொல்லிடறேன். மூட்டை தூக்க வேண்டாம். எனக்கும் முதுகு வலிக்குது."

வியாழக்கிழமை அவள் அந்த மேஜையில் உட்காரவே இல்லை. பாத்திரம் கழுவினாள், தரையைத் துடைத்தாள், துடைத்த தரையையே மறுபடியும் துடைத்தாள். அவனிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல் இருந்தது. தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டுவிட்டுப் பெய்தது. ரிப்பேர்காரன் சூடுகாற்று மெஷினை வைத்து ஒரு கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது பேருந்துக் கண்டக்டரம்மா ஒருத்தி ஈரச் செருப்போடு ஏறி வந்தாள். தோளில் பை, தலையில் பிளாஸ்டிக் உறை.

"அண்ணே, போன மாசம் இதுக்குக் கண்ணாடி மாத்திக் குடுத்தீங்க. மறுபடியும் கோளாறு."

அவன் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடி நன்றாக இருந்தது. தொட்டுப் பார்த்தான். அதுவும் நன்றாக இருந்தது.

"என்ன கோளாறு?"

"படிக்கிறது போயிடுச்சு."

"எது போயிடுச்சு?"

"நீங்க போட்டுக் குடுத்தது அண்ணே. கண்ணாடி மாத்தி வாங்கிட்டுப் போனப்போ உள்ள ஒண்ணு இருந்துச்சே. துணி துவைக்கிற பொண்ணு ஒண்ணு பேசுற மாதிரி, நீளமா. புதுக் கண்ணாடிக்கு உறை சும்மா குடுப்பாங்க இல்ல, அது மாதிரி இதுவும் கண்ணாடியோட வருதுன்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர் இடம் அடைக்குதுன்னு எதையோ சுத்தம் பண்ணார். அதோட போச்சு. எனக்கு அது வேணும்."

ரிப்பேர்காரன் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான். சோதித்த பக்கத்தை மூடிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கூட்ட நேரத்தில் அவன் மூடுவதில்லை. நேரம் ஆகிறது என்று அப்படியே கவரில் போட்டுத் தள்ளிவிடுவான். தொழிலில் அது பெரிய குறை என்று அவனுக்கே தெரியும்.

"நீங்க அதைப் படிச்சீங்களா?"

"படிக்காம? கடைசி ஸ்டாப்புல வண்டியைத் திருப்புறதுக்கு முன்னாடி கால்மணி நேரம் சும்மா நிப்போம். அப்பப் படிப்பேன். டிரைவருக்கும் கதை சொல்ற மாதிரி சொல்லுவேன். நாலு நாளா அவரு 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு உசுரை வாங்குறாரு. சீக்கிரம் போட்டுக் குடுங்க. எவ்வளவு ஆனாலும் சரி."

"இதுக்கு ஒண்ணும் ஆகாது." அவன் பக்கத்தைத் திறந்தான். விரல் பழக்கத்தில் மேலிருந்து கீழே ஓடப் போனது. கண்டக்டரம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏண்ணே இப்படி ஓட்டுறீங்க? மெதுவா. நான் விட்ட எடம் வரணும்."

"எங்க விட்டீங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? மூக்குக்கண்ணாடியை வீட்டுல வெச்சிட்டேன், எழுத்து மங்கலா இருக்கு. நீங்க படிங்க. கேட்டா சொல்லுவேன்."

வேறு வழியில்லாமல் ரிப்பேர்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணில் பட்ட இடத்திலிருந்து வாய்விட்டுப் படித்தான்.

"பிரசவ வார்டு விரிப்புகளைப் பிரிக்கும்போது எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். அப்படிப் பேச வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழந்தை எழுந்துவிடும் என்று நினைப்பது போல..."

"இது படிச்சாச்சு. இன்னும் கீழ போங்க."

அவன் கீழே போனான். இந்த முறை விரலைவிடக் கண் பின்தங்கியது.

"என் வீட்டுக்காரர் ஒரு போனைத் தொட்டுப் பார்த்தாலே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு வலித்தால் மட்டும் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் கேட்டுக்கொள்வார். நல்ல மனுஷர். ஆனாலும் ஒருநாளாவது சொல்லாமலே தெரிந்துகொண்டால்..."

அவன் நிறுத்திவிட்டான்.

கண்டக்டரம்மா அவனையும், மேஜை மேல் கிடந்த போன்களையும், பசை காய்ந்த அவன் விரல்களையும் பார்த்தாள். "ஐயோ, அது நீங்கதானா!" என்று சிரித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான். காது சுட்டது. இந்த வரி எத்தனையோ முறை அவன் விரலுக்கு அடியில் ஓடியிருக்கிறது. தலையெழுத்துப் போல் எதிரிலேயே இருந்தும் படிக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

"அப்போ அந்தப் பொண்ணு உங்க சம்சாரமா? நிஜமாவே இருக்காங்களா?"

"ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துலதான். இங்கேர்ந்து ரெண்டு தெரு."

"முதல்ல அந்த விசில்காரி எடத்தை எடுங்க. நான் அங்கதான் விட்டேன்."

அவன் தேடி எடுத்தான். கூட வேலை பார்த்த ஒருத்தியைப் பற்றியது. மெஷின் சத்தத்துக்கு மேல் விசிலடித்துக்கொண்டே மடிப்பாளாம், அதனால் அவளுக்கு விசில் என்றே பேர். ஒருநாள் காலையில் மேலங்கியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அவன் படித்தான்.

"ஆறு வருஷம் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக நின்று ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கிறோம். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி. இனி அவளைப் பற்றி எழுத மாட்டேன்."

"அதான்!" என்று கண்டக்டரம்மா கண்ணாடிப் பெட்டியில் ஓங்கித் தட்டினாள். உள்ளே சார்ஜர்கள் குலுங்கின. "அது தப்பு. அப்படி எழுதக் கூடாது. நான் நாலு நாளா மனசுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு எனக்கு மத்தியானம்தான் டூட்டி. வாங்க, எனக்கு அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல பேசணும்."

ரிப்பேர்காரன் சூடுகாற்று மெஷினை அணைத்தான். பாதி கழற்றிய போனை மூடிவைத்தான். வேலை நேரத்தில் ஷட்டரை இறக்குவதைப் பார்த்துச் சாவிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, எங்க கிளம்பிட்ட? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லண்ணே. ஒருத்தங்க படிச்சிருக்காங்க."

"நானும்தான் படிச்சேன்," என்றார் அவர் வருத்தத்தோடு. ரிப்பேர்காரன் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தான்.

இருந்தது ஒரே குடை. அதைக் கண்டக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு அவன் நனைந்துகொண்டே நடந்தான். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பிரசவ வார்டு பற்றி எழுதியது நன்றாயிருக்கிறதாம். நீராவி பற்றி எழுதியது கொஞ்சம் இழுவையாம். டிரைவருக்கு அந்த நர்ஸ் சட்டைப் பையில் கிடந்த சாக்லேட் விஷயம்தான் பிடித்ததாம். ரிப்பேர்காரனுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. தன் வீட்டைப் பற்றி வேற்று ஆள் சொல்லிக் கேட்கிற மாதிரி வெட்கத்தோடு கேட்டுக்கொண்டு வந்தான்.

சலவைக்கூடத்தின் பின்வாசலில் தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்த குழாய் வழியாக நீராவி வெளியே வந்து மழையோடு கலந்தது. மனைவி கடைசியில் இருந்த கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை ஈரம். சொட்டச் சொட்ட நனைந்து வருகிற புருஷனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னங்க ஆச்சு? தங்கச்சிக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்ல. உக்காரு." மூச்சு வாங்கியது. "சொல்லிட்டியா? அந்த மேற்பார்வை விஷயம்?"

"இல்ல. டீ முடிச்சிட்டுச் சொல்லலாம்னு. ஏன்?"

"நான் படிச்சேன்," என்றான். "கொஞ்சம்தான். உனக்கு எங்க வலிக்குதுன்னு நீ சொல்லாம எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்க. அது நிஜம்."

அவள் அவனையே பார்த்தாள். கையை மேலங்கியில் துடைத்தாள். அதற்குள் கண்டக்டரம்மா குடையை மடக்கிக்கொண்டு நடுவில் புகுந்துவிட்டாள்.

"நீங்கதானா அது? நான் ரொம்ப உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன். சரி, இருக்கட்டும். ஏம்மா, அந்த விசில்காரியைக் கல்நெஞ்சுக்காரின்னு எழுதிட்டீங்களே, அது உங்களுக்கே நியாயமா?"

மனைவிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. யாரோ தெரியாதவள். மழையில் வந்திருக்கிறாள். வந்ததும் சண்டைக்கு நிற்கிறாள்.

"நீங்க... விசிலைத் தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதித்தான் தெரியும். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நானும் ஒரு வீட்டை விட்டு அப்படித்தான் போனேன். யார்கிட்டயும் சொல்லல. ஏன் தெரியுமா? சொன்னா போக முடியாது. எந்த ஒருத்தி எதிர்ல நின்னா நான் அழுதுடுவேனோ, அவகிட்டதான் முக்கியமாச் சொல்லல. மத்தவங்ககிட்டக்கூடச் சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணு மேலங்கியை மடிச்சு வெச்சிட்டுப் போனான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. யார் மேஜையில வெச்சா?"

"எங்க மேஜையிலதான்."

"உங்க பக்கமா, அவ பக்கமா?"

மனைவி யோசித்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என் பக்கம்," என்றாள். "அதை நான் எழுதவே இல்ல. அவளுக்கு அந்தப் பக்கம்தான் கைக்கு வசதி. ஆனா என் பக்கம் வந்து வெச்சிருந்தா."

"பாத்தீங்களா? வேற எப்படிச் சொல்லுவா?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ரிப்பேர்காரனுக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவளை இப்படி அவன் பார்த்ததில்லை. ஒருத்தி அவளிடம் வந்து நீ எழுதியது தப்பு என்கிறாள், அவளோ கேட்டது கிடைத்தவள் போல் நிற்கிறாள். அவள் தேடியது இதைத்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நாப்பதும் இல்லை, நானூறும் இல்லை.

"அப்புறம் ஏன் போனீங்க? அந்த வீட்டை விட்டு?" என்று கேட்டாள் மனைவி.

"அது பெரிய கதை."

"எனக்கு இன்னும் டீ ஆறல."

கண்டக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரிப்பேர்காரன் கூரைக்கு வெளியே பாதியும் உள்ளே பாதியுமாக நின்றுகொண்டிருந்தான். மனைவி அவன் சட்டையைப் பிடித்து உள்பக்கம் இழுத்துவிட்டு, தன் டம்ளரில் மிச்சமிருந்த டீயை அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்தான்.

கூடத்துக்குள்ளிருந்து சூப்பர்வைசரம்மா வாசலுக்கு வந்தாள். "என்னம்மா, மேலேர்ந்து கேக்கிறாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். சாயங்கால ஷிப்டுக்குச் சரின்னு எழுதிடவா?"

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கூடையைக் கண்டக்டரம்மாவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்க்கா," என்றாள். "சாயங்காலம் எனக்கு வேற வேலை இருக்கு."